வலப்பக்கத்து ஆளுக்கு ஒரு தட்டு

பிப்ரவரி 4

பெரிய மனுஷிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய். அதனால் வேறு மாதிரி கேட்கிறேன்: நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய்?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சலித்துக்கொள்ளாதே. போனில் நாம் பேசுவது என்ன? "சாப்டியா?" "சாப்டேன், நீங்க?" "சாப்டேன்." "வெச்சிடட்டுமா?" "வெச்சிடு." இதற்காக ஊர் ஊராகக் கோபுரம் நட்டு வைத்திருக்கிறார்கள், பாவம். கடிதம் என்றால் நாலு வார்த்தை கூடுதலாகப் பொய் சொல்லலாம்.

நீ வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானே சமைத்துப் பார்த்தேன். என் சோற்றைப் பார்த்துப் பூனை என்னை ஒரு பார்வை பார்த்தது. மனிதர்கள்கூட என்னை அப்படி அவமதித்ததில்லை. அன்றிலிருந்து முக்குக் கடைதான். எடைமேடையைப் பூட்டிவிட்டு நேராக அங்கே. டியூப் ஒட்டுகிற கடையைச் சாத்திவிட்டுப் பஞ்சரும், மருந்துக் கடையிலிருந்து கம்பவுண்டரும் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் மேஜையில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. கம்பவுண்டரால்தான் வந்தது. மருந்துக் கடையில் அடுத்தவன் சீட்டைப் படித்துக் கொடுத்தே பழகிய மனுஷனுக்குத் தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. ரொட்டியா சோறா என்று அவர் யோசிப்பதற்குள் கடைக்காரம்மா அடுப்பை அணைத்துவிடுவார். ஒருநாள் பஞ்சர் பொறுமை இழந்து மேஜையைத் தட்டினான். "இனிமே எவனும் தனக்குன்னு சொல்லக் கூடாது. வலது கைப்பக்கம் இருக்கறவனுக்குச் சொல்லு. என்ன வேணும்னு அவனைக் கேக்கக் கூடாது. வந்ததை அவன் வேண்டாம்னு தள்ளக் கூடாது. அவ்வளவுதான்."

ஆக, பஞ்சர் எனக்குச் சொல்கிறான், நான் கம்பவுண்டருக்கு, கம்பவுண்டர் பஞ்சருக்கு. நம்ப மாட்டாய், நாங்கள் மூவரும் முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறோம்.

நேற்று ராத்திரிக் கேள்விக்குப் பதில் வரட்டும்.

லாரியை மட்டும் எடை போட்டு, தன் எடையைப் பார்க்காத
அப்பா


பிப்ரவரி 19

அப்பாவுக்கு,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். (பார்த்தீர்களா, நீங்கள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.)

வேலை பிடித்திருக்கிறது. இப்போது எனக்கென்று தனி மேஜை. சாணை பிடிக்கும் இயந்திரத்தில் கண்ணாடி வில்லையை வைத்தால் ஊசி மழை மாதிரி தண்ணீர் தெளிக்கும். ஒரு நூல் அதிகமாகத் தேய்ந்தாலும் வில்லை குப்பைக்குத்தான். முதல் வாரம் குப்பைத் தொட்டி என்னால்தான் நிறைந்தது. இப்போது பரவாயில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பட்டறைக்கு எதிரிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை. பட்டறையில் இருப்பவர்கள் எல்லோரும் மதியம் அங்கேதான் போவார்கள். என் மேஜையிலிருந்து பார்த்தால் அவர்கள் உட்கார்ந்து சிரிப்பது தெரியும். மீன் வறுக்கும் வாடை இங்கே வரை வரும். நான் ஜன்னலை மூடிவிடுவேன்.

போன தடவை போனில் உங்களுக்கு ஏன் அப்படி மூச்சு வாங்கியது? படி ஏறிக்கொண்டே பேசினீர்களா?

பஞ்சர் மாமாவையும் கம்பவுண்டர் மாமாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மகள்


மார்ச் 10

பெரிய மனுஷிக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று தடவை எழுதிவிட்டேன், போதுமா? மூச்சு வாங்கியது படியால்தான். எடைமேடை அறைக்குப் படி கட்டினவன் ஏணி செய்கிறவனாக இருந்திருக்க வேண்டும்.

"என் மேஜையிலிருந்து பார்த்தால் தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் கடையில் இருக்கும்போது நீ ஏன் உன் மேஜையில் இருக்கிறாய்? எனக்குப் படிப்பு கம்மிதான், ஆனால் ஏற்றின சரக்குக்கும் வெறும் வண்டிக்கும் வித்தியாசம் தெரியும்.

அது கிடக்கட்டும். இங்கே ஒரு போர் மூண்டிருக்கிறது, கேள். போன வாரம் கடை நிறையக் கூட்டம். பின்னால் நாலைந்து லாரி டிரைவர்கள், என் எடைமேடைக்கு வருகிறவர்கள், எனக்குச் சலாம் வைக்கிறவர்கள். பஞ்சர் சத்தமாகக் கடைக்காரம்மாவிடம் சொல்கிறான்: "இவனுக்குக் கஞ்சி. உப்பு போடாம. தொட்டுக்க ஒண்ணும் வேண்டாம்."

ஒரு டிரைவர் சிரித்தான்.

"நான் என்ன சாகக் கெடக்கறேனாடா?"

"சட்டம் தெரியுமில்ல? சாப்பிடு."

"உன் சட்டத்தை உன் டியூப்ல வெச்சு ஒட்டு" என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வந்த பிறகுதான் வீட்டில் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ரோஷம் இருந்த அளவுக்கு ரொட்டி இல்லை.

மறுநாளும் அதே மேஜைதான். மின்விசிறிக்குக் கீழே இருப்பது அது ஒன்றுதான், அதை விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. "கம்பவுண்டரே, தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்கிறேன். ஜக்கு பஞ்சரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே தள்ளுகிறான். தினமும் எனக்குக் கஞ்சி வருகிறது. தினமும் நான் அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்கிக்கொள்கிறேன். இந்த வயதில் இவனுக்கு இது என்ன விளையாட்டு, சொல்.

கஞ்சி குடிக்காத
அப்பா


மார்ச் 16

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன்.

சிரிக்க வைக்கத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஜக்கு விஷயத்துக்குச் சிரித்தேன். ஆனால் பஞ்சர் மாமா காரணம் இல்லாமல் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க மாட்டார். உப்பில்லாத கஞ்சி என்று ஏன் சொன்னார்? படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? டாக்டரைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் என்ன சொன்னார்?

மூன்று சுகம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு சுகம் எழுதியபோது இவ்வளவு பயப்படவில்லை.

தேவைப்பட்டால் இந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். வில்லை தேய்க்கிற வேலை எங்கேயாவது கிடைக்கும். உண்மையை எழுதுங்கள்.

மகள்


ஏப்ரல் 2

பெரிய மனுஷிக்கு,

உடனே பதில் எழுதவில்லை, மன்னித்துக்கொள். அறுவடைச் சரக்கு வருகிற நேரம், எடைமேடையில் லாரிகள் வால் பிடித்து நிற்கின்றன.

வேலையை விடுவது, வருவது, இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். அந்த மேஜைக்காக நீ எவ்வளவு நாள் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். குப்பைத் தொட்டியை நிறைத்துக் கற்றுக்கொண்ட தொழிலை ஒரு தட்டுக் கஞ்சிக்காக விட்டால் ஊர் சிரிக்கும். நான் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறேன். வடிவத்திலும்தான்.

இப்போது என் சாமர்த்தியத்தைக் கேள். போன வாரம் சீக்கிரமே போய்ப் பஞ்சரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவன் வந்து பார்த்தான், என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். இடம் மாறியதும் சட்டமும் தலைகீழ். இப்போது எனக்குச் சொல்வது கம்பவுண்டர். அவர் என் கண்ணைப் பார்த்தே "வறுத்த மீன்" என்று சொல்லிவிடுகிறார். பயந்த சுபாவம், என்ன செய்வார்.

என் வலது கைப்பக்கம் பஞ்சர்! அவனுக்கு நான் சொல்கிறேன். "நல்லா மிளகாய் அரைச்சுப் போட்ட குழம்பு, ரெண்டு கரண்டி சேர்த்து ஊத்துங்க." முதல் நாள் கடைக்காரம்மாவே என்னைப் பார்த்தார். பஞ்சர் சாப்பிட்டான். மறுநாளும் அதையே சொன்னேன். சாப்பிட்டான். நெற்றியில் வேர்வை, கண்ணில் தண்ணீர். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல.

நீ யாரோடு சாப்பிடுகிறாய் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வெற்றி பெற்ற
அப்பா


ஏப்ரல் 9

பஞ்சர் மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமா? கடையில் காற்றடிக்கும் மெஷின் இன்னும் அதேமாதிரி இருமிக்கொண்டிருக்கிறதா?

அப்பாவுக்கு என்ன உடம்பு என்று எனக்கு எழுதுவீர்களா? அவர் எழுதுகிற கடிதத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், அவர் உடம்பு மட்டும் இல்லை.

அவர் உங்களுக்குச் சொல்கிற குழம்பைப் பற்றியும் எழுதியிருந்தார். அதற்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் மாமா.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 20

மருமகளுக்கு மாமா எழுதிக்கொண்டது.

எல்லோரும் நலம். மெஷின் இருமுகிறது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, கை எல்லாம் ரப்பர்.

உன் அப்பன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான், உனக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று. வாக்கு வாக்குதான். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அவனுக்குச் சொன்ன சாப்பாடு மட்டும் சொல்கிறேன், அதற்குச் சத்தியம் வாங்கவில்லை. கஞ்சி. உப்பு இல்லை. எண்ணெய் இல்லை. என் கடை எடைமேடைக்கு நேர் எதிரே. அந்தப் படியில் யார் யார் ஏறுகிறார்கள், யார் பாதியில் உட்காருகிறார்கள் எல்லாம் தெரியும். நீ கெட்டிக்காரப் பெண்.

வேலையை விடாதே. நான் இங்கேதான் இருக்கிறேன்.

குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மாமா


ஏப்ரல் 27

அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலத்தைப் பற்றி இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றும்போது எழுதுங்கள்.

நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு இன்றைக்குப் பதில் எழுதலாம். போன திங்கட்கிழமை பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. இயந்திரம் நின்றால் எல்லோருக்கும் பேச வாய் கிடைக்கும். கண்ணாடிக்கு ஃபிரேம் மாட்டுகிற அக்கா, எங்களுக்கு அவர் ஃபிரேம் அக்கா, "உங்க அப்பா கடிதத்துல அப்படி என்னதான் எழுதுவார், படிச்சுட்டுத் தனியா சிரிக்கிறே?" என்று கேட்டார். உங்கள் மேஜைச் சட்டத்தைச் சொன்னேன். ஜக்கையும் சொன்னேன். மெருகு போடுகிறவர் சிரித்து இருமி, தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் மதியம் நான் டப்பாவைத் திறக்கிற நேரம் ஃபிரேம் அக்கா வாசலில் நின்று கத்தினார்: "ஏய், வா. ரெண்டு பேர வெச்சுக்கிட்டு அந்தச் சட்டம் ஓடாது. ஆள் கொறையுது."

போனேன். மெருகு போடுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எனக்குச் சூப்பும் ரொட்டியும் சொன்னார். நான் ஃபிரேம் அக்காவுக்கு முட்டை சொன்னேன். அவருக்கு முட்டை ஆகாதாம், பிறகுதான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டார்.

இப்போது தினமும் போகிறேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தபோது அந்தக் கடை அவ்வளவு தூரமாகத் தெரிந்தது. நடந்தால் தெருவைத் தாண்டுகிற தூரம்தான்.

சட்டத்தைக் கொண்டுவந்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கம்பவுண்டர் மாமா வழியாகவாவது சொல்லுங்கள்.

மகள்


ஜூன் 6

பெரிய மனுஷிக்கு,

நீ நலம் என்பதை இந்த முறை நம்புகிறேன். சூப்பும் ரொட்டியும் என்று எழுதியிருந்த பக்கத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததில் அது துவைக்கப் போய் வந்துவிட்டது. எழுத்து போனாலும் எனக்கு மனப்பாடம்.

இவ்வளவு நாள் எழுதாததற்கு லாரிகள் காரணம் இல்லை. நான் சுகம் என்று எழுத வேண்டியிருந்தது, கை வரவில்லை. நாலு வார்த்தை பொய் சொல்லத்தான் கடிதம் என்று பெருமை பேசினவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

உன் நன்றியைக் கம்பவுண்டரிடம் சொல்லி அனுப்பப் போனேன். மருந்துக் கடையில் அவர் ஒரு பாட்டிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?"

"பஞ்சருக்கு. வயித்துப் புண்ணுக்கு. இந்த மாசம் இது ரெண்டாவது பாட்டில்."

"அவனுக்குத்தான் புண் ஆறிப்போச்சே?"

"ஆறித்தான் இருந்துச்சு" என்றார். பயந்த சுபாவம் என்று எழுதினேனே, அந்த மனுஷர் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். "நீங்க சொன்ன குழம்பு அப்படி."

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே அவன்?"

"சட்டமாச்சே. அவன் போட்ட சட்டம்."

நான் கஞ்சியைத் தள்ளினேன். அவன் நெருப்பைத் தின்றான். உப்பில்லாத கஞ்சி ஏன் என்று எனக்குத் தெரியாதா? டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனவனே அவன்தான். ரத்தக் கொதிப்பு, இதயம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, உப்பையும் எண்ணெயையும் விடு என்றார் டாக்டர். விட்டுவிட்டேன் என்று அவனிடமும் சொன்னேன், மறுநாளே மீன் தின்றேன். உனக்கு எழுதாததற்குக் காரணம் நீ ஊகித்ததுதான். எழுதினால் வந்துவிடுவாய். வந்தால் அந்த மேஜை போய்விடும். உன் மேஜையைச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் போய் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். பஞ்சர் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். கடைக்காரம்மா வந்து நின்றார். பஞ்சர் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "இவனுக்குக் கஞ்சி."

வந்தது. குடித்தேன். போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பாதி தட்டு போன பிறகு அவன் கேட்டான்.

"எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு."

"நாளைக்கும் அதான்."

"தெரியும்டா."

இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து நாங்கள் பேசிய பேச்சு இதுதான். கம்பவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்றார். கடையில் புகை இல்லை.

படியில் இப்போது பாதியில் உட்காருவதில்லை. முக்கால்வாசியில் உட்காருகிறேன். இது உண்மை.

அப்பா


ஜூன் 14

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சுகம் என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை. அதனால் தைரியமாக இருக்கிறேன்.

கஞ்சி பற்றி எனக்கு முன்பே தெரியும். யார் சொன்னார் என்று கேட்காதீர்கள். சொன்னவர் தன் வாக்கை மீறவில்லை.

வேலையை விடவில்லை. லீவு சொல்லியிருக்கிறேன், அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். ஃபிரேம் அக்கா, "உங்க அப்பா பக்கத்துல உக்காராதே, மாட்டிக்குவே" என்கிறார். எனக்கு எந்த நாற்காலி?

மகள்


ஜூன் 22

பெரிய மனுஷிக்கு,

உன் கேள்வியால் இங்கே மறுபடியும் போர் மூளப் பார்த்தது. கடைக்காரம்மா நாலாவது நாற்காலி கொண்டுவந்து வைத்துவிட்டார். எங்கே போடுவது? எனக்கு நீ சொல்கிற மாதிரி போடலாம் என்றேன், மகள் மனசு இளகி மீன் சொல்லுவாள் என்ற நப்பாசை. பஞ்சர் என் முகத்தைப் படித்துவிட்டான். "இவனுக்கு நான்தான் சொல்லுவேன். யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

ஆக, உன் நாற்காலி எனக்கும் கம்பவுண்டருக்கும் நடுவில். நீ அவருக்குச் சொல்லு. உனக்கு நான் சொல்கிறேன்.

எனக்கு யோசனையே தேவையில்லை. சின்ன வயதில் மீன் முள்ளைக்கூட விடாமல் சப்பிப் போடுவாயே. பெற்ற அப்பனுக்குத் தெரியாதா?

பார்த்து வா. பையைக் கனமாகத் தூக்காதே. எடைமேடைக்காரன் மகள், அளவு தெரிந்து ஏற்று.

அப்பா


ஜூலை 15

பெரிய மனுஷிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் இயந்திரம் உன்னைத் தேடியதா?

நீ போன பிறகு கடையில் எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். கம்பவுண்டருக்கு நீ சொன்ன பூசணிக்காய் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இத்தனை வருஷமாகத் தனக்கு அது பிடிக்கும் என்றே தெரியாமல் இருந்திருக்கிறார்.

இப்போது மீன் விஷயம். எவ்வளவு கம்பீரமாக, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "என் மகளுக்கு வறுத்த மீன், பெரிய துண்டா" என்று சொன்னேன். தட்டு வந்தது. நீ சிரித்தாய், சாப்பிட்டாய். மேஜைக்குக் கீழே பஞ்சர் என் காலை ஒரு உதை உதைத்தான், அப்போதுகூட எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாயே, அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதிக பாரம் ஏற்றின வண்டி மேட்டில் ஏறுவதை நான் தினமும் பார்க்கிறவன்.

வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "மீன் வறுக்கும் வாடை இங்கே வரை வரும். நான் ஜன்னலை மூடிவிடுவேன்." எழுதித்தான் அனுப்பியிருக்கிறாய். இதையும் படித்துவிட்டுத்தான் நான் மீன் சொல்லியிருக்கிறேன். எப்போது நீ மீனை விட்டாய், எதனால் விட்டாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. முள் சப்பிய பெண்ணுக்கு நான் சாப்பாடு சொன்னேன். உட்கார்ந்திருந்தது வேறு ஒரு பெண்.

நீ தட்டைத் தள்ளவில்லை. இந்த மேஜையில் சட்டத்தை மீறினவன் நான் ஒருவன்தான்.

இப்போது உனக்கு என்ன பிடிக்கும் என்று தயவுசெய்து எழுதிவிடாதே. கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது. அடுத்த தடவை வேறு ஏதாவது சொல்கிறேன். அதுவும் தப்பாகப் போனால் அதற்கடுத்த தடவை. சரியாகச் சொல்கிற வரைக்கும் நீ வந்துகொண்டே இருக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

உன் நாற்காலியைக் கடைக்காரம்மா திரும்ப எடுத்துப் போகவில்லை. கம்பவுண்டர் அதில் தன் குடையை வைக்கிறார். நான் தினமும் எடுத்துக் கீழே வைக்கிறேன்.

கஞ்சி குடிக்கிற
அப்பா